வலது தோள்மேல் ஒரு புள்ளி

எங்கள் ஊர்க் கலாசார மன்றத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி முதலில் என் காதுக்குத்தான் வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் எனாமல் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் எடுத்த படங்களாம். அவன் செத்த பிறகு மகள் பரணில் கிடந்த பெட்டியைத் திறந்திருக்கிறாள். அப்பா சீனாவுக்குப் போய் பேசினையெல்லாம் படம் எடுத்திருக்கிறாரே என்று அசந்துபோய், எங்கள் ஊருக்கே அனுப்பிவிட்டாள். திறப்பு விழாவுக்கு வருகிற பழைய தொழிலாளிகளுக்கு ஒரு துணிப்பையும் ஒரு டீத்தூள் டப்பாவும் உண்டு என்று குடியிருப்பு அலுவலகப் பெண் மாடிப்படி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். துணிப்பை இலவசம் என்றால் எங்கள் குடியிருப்பில் படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் எழுந்து நடப்பார்.

மத்தியானம் சாப்பாட்டில் கெங்கிடம் சொன்னேன். கெங் என் வீட்டுக்காரர். கையிலிருந்த ஆவிரொட்டியைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"பேசினைக் குழம்புல முக்குற பட்டறையையும் எடுத்திருப்பானா?" என்று கேட்டார்.

"எடுத்தான்னுதானே உங்களை மலைக்கு அனுப்புனாங்க" என்றேன்.

மனுஷன் அதற்குமேல் சாப்பிடவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு புள்ளி. அது தன் தூரிகையிலிருந்து விழுந்ததா, அந்தப் பட்டறையில் வேலை பார்த்த பாங் அக்காவின் பேசினிலிருந்து தெறித்ததா? அதற்குப் பதில் தெரியாமல் நாற்பது வருஷமாகத் தூரிகையைத் தொடாமல் இருக்கிறார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கேட்பவர்கள் எங்கள் ஆலையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் எழுத்தில் 'பெரிய' என்பதை எழுதுவது சுலபம். குறுக்கே ஒரு கோடு, நடுவிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் விரியும் இரண்டு கால்கள். கையை விரித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பதுபோல் இருக்கும். அந்த ஆளின் வலது தோளுக்கு மேலே ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டால் அது 'நாய்'. எழுத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் இரண்டுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் காலத்தில் கோஷப் பலகை கிடையாது.

எங்கள் ஆலைத் தலைவரின் குடும்பப் பெயர் ஃபூ. 'துணை' என்ற சொல்லும் காதுக்கு ஃபூ என்றுதான் கேட்கும். அதனால் எவ்வளவு பணிவாகத் தலைவர் ஃபூ என்று அழைத்தாலும், புதிதாய்க் கேட்பவர்களுக்குத் துணைத் தலைவர் என்றே விழும். பிறந்ததிலிருந்து கூடவே வந்த இந்த அவமானத்துக்கு அவர் தாய் தகப்பனைத்தான் கேட்டிருக்க வேண்டும். எங்களைக் கேட்டார்.

அந்த வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்றதும் ஆலைக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. எல்லோருக்கும் புது நீலச் சட்டை கொடுத்தார்கள், விருந்தினர் போனதும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. மடிப்புக்கூடக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு சூளை முன்னால் நின்றோம். வருகிறவர்கள் என்ன கேட்பார்கள், நாங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை நடந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் முட்டை என்று சொல்ல வேண்டும். சூளைக்கார யான் இதை எவ்வளவு அக்கறையாக மனப்பாடம் செய்தார் என்றால், வெளிநாட்டுக்காரன் அவர் பெயரைக் கேட்டபோது "முட்டை" என்றார். மொழிபெயர்ப்பாளனும் அதையே மொழிபெயர்த்தான்.

கெங் எங்கள் ஆலையின் எழுத்துக்காரர். பகலில் பேசின்களில் செவ்வந்தியும் தங்கமீனும் வரைவார், அதன்பிறகு சுவரெழுத்து, கரும்பலகை, கோஷப் பலகை எல்லாம் அவர் தலையில்தான். முக்குகிற பட்டறையில் 'பெரும் உழைப்பு, ஐம்பது நாள்' என்று ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது, முதல் எழுத்து அந்தப் 'பெரிய'தான். விருந்தினர் வருவதற்கு முதல்நாள் ஃபூ வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஐம்பது போதாது, வெளிநாட்டுக்காரன் நம்மைச் சோம்பேறிகள் என்று நினைப்பான், நூறு போடு என்றார். நாட்களைக் கூட்டுவது அவருக்கு வாய்ச்சொல். கெங்குக்கு அது பலகை முழுவதும் சிவப்படித்து வெள்ளையில் மறுபடி எழுதுகிற வேலை. வேலை முடிந்த களைப்போடு ஏணியில் தொங்கிக்கொண்டு எழுதினார். கீழே ஃபூ நின்றுகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்றார்.

அப்போது எனக்கும் கெங்குக்கும் நிச்சயமாகியிருந்தது. ஆலை அனுமதி கொடுத்தால்தான் கல்யாணம், அந்த அனுமதி ஃபூவின் மேசையில் கிடந்தது. நான் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். சூளையிலிருந்து வரும் பேசினைத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பி, எங்கேயாவது புள்ளி விழுந்திருக்கிறதா என்று தேடுவதுதான் என் உத்தியோகம். விருந்தினர் வந்த அன்றைக்கு ஒரு புள்ளி என்னைத் தேடி வந்தது.

செம்பட்டைத் தாடி வைத்த அந்தப் படக்காரனுக்குப் பாங் அக்காவைக் கண்டதும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அக்கா அப்படித்தான் வேலை செய்வாள். பேசினை வெள்ளை எனாமல் குழம்பில் முக்கி எடுத்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி ஒரே உதறு உதறுவாள். மிச்சக் குழம்பு தெறித்துப் போய்விடும், பேசின்மேல் பூச்சு ஒரே சீராக நிற்கும். மெதுவாக உதறினால் கட்டி கட்டும், வேகமாக உதறினால் இரும்பு தெரியும். மூன்று தலைமுறையாகப் பிச்சையெடுத்த வம்சம், அந்தக் காலத்தில் அதைவிட உயர்ந்த குலம் கிடையாது; மாதிரித் தொழிலாளி என்று பட்டம், ஆலை வாசலில் அவள் படம் தொங்கியது. முன்பல் ஒன்று இல்லாததால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும்படி அவளுக்குத் தனி உத்தரவு.

படக்காரன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டான். இன்னும் வேகமாக உதற வேண்டுமாம், துளிகள் காற்றில் பறப்பது தெரிய வேண்டுமாம். அக்கா உதறினாள். இன்னும் உயரமாக என்றான். விருந்தினர் சொல்லைத் தட்டாதே என்று ஃபூ பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். அக்காவும் பிறந்ததிலிருந்து உதறாத உதறலெல்லாம் உதறினாள். வெள்ளைக் குழம்பு தரையில், தூணில், மொழிபெயர்ப்பாளன் தொப்பியில் என்று கண்ட இடத்தில் விழுந்தது. அவள் தலைக்கு மேலே, பின்சுவரில்தான் அந்தச் சிவப்புப் பலகை.

விருந்தினர் போனதும் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். யான் அண்ணாந்து பார்த்து, எழுத்துக்கூட்டி, "நாய் உழைப்பு, நூறு நாள்" என்று வாசித்தார். வாசித்துவிட்டு, பரவாயில்லையே, இன்னைக்காவது உண்மையை எழுதிட்டாங்களே என்றார். பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பின்னால் ஃபூ நிற்பதைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் சிரிப்பு அசிங்கமான வழக்கம் என்று நினைவு வந்தது.

வலது தோளுக்கு மேலே, இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக, ஒரு வெள்ளைப் புள்ளி. அதை அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் கேமராவுக்குள் போனதை யார் அழிப்பது? நம் தொழிலாளிகள் தங்களை நாய் என்று சொல்லிக்கொள்ளும் படம் கடல் தாண்டிப் போகப்போகிறது என்று நினைத்து ஃபூவின் முகம் பூசாத பேசின்போல் ஆனது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தலைவரே, ஈரத்துணிய வச்சு ஒரு தடவை துடைச்சுப் பாருங்க. குழம்புன்னா கையோட வந்துடும், பெயிண்ட்டுன்னா வராது. யாரு போட்டதுன்னு இப்பவே தெரிஞ்சுடும்" என்றேன்.

"துடைச்சா சாட்சிய அழிச்சதா ஆகும்" என்றார் ஃபூ.

சாட்சியை அழிக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறாராக இருந்ததால், பலகையை அப்படியே கழற்றிச் சூளைக்குள் போடச் சொன்னார். அது நன்றாக எரிந்தது. அதோடு உண்மை தெரியும் வழியும் எரிந்துபோனது.

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். குற்றவாளி இல்லாத அறிக்கை உப்பில்லாத கூழ், யாரும் தொடமாட்டார்கள். கூட்டம் போட்டார்கள். பாங் அக்கா எழுந்து, "அது என் பேசின்லேருந்து தெறிச்சதுதான், அந்தத் தாடிக்காரன் உதறு உதறுன்னான், உதறினேன். எழுதினவனை எதுக்குப் பிடிக்கிறீங்க?" என்றாள். எல்லோரும் ஃபூவைப் பார்த்தார்கள். மாதிரித் தொழிலாளியின் கையிலிருந்து தெறித்த துளி எப்படி நாயாகும் என்று அவர் கேட்டார். தெறித்தது என்று ஒப்புக்கொண்டால் அவள் படத்தை வாசலிலிருந்து இறக்க வேண்டும், அவளைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற கேள்வி வரும். தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

ஆனாலும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமே. பரிசோதனை வைத்தார்கள். பலகை இருந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அக்காவை உதறச் சொன்னார்கள். மத்தியானம் முழுக்க உதறினாள். துளிகள் சுவரெங்கும் விழுந்தன, ஃபூவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தன, குறிப்பெடுத்தவனின் காதுக்குள் ஒன்று போனது. வட்டத்துக்குள் மட்டும் விழவில்லை. வேண்டுமென்று குறி பார்த்தால் எந்தத் துளி போய் விழும்? மாதிரித் தொழிலாளியின் துளி அவ்வளவு உயரம் போகாது என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது.

அடுத்தது கெங். தாத்தா சொந்தமாகப் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்தவர், ஆக முதலாளி ரத்தம். புள்ளி வைத்தாயா என்று கேட்டார்கள். வேறு எவனாக இருந்தாலும் சத்தியமாக இல்லை என்று சொல்லியிருப்பான். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, களைப்பில் எழுதினேன், தூரிகை சொட்டியதா என்று நினைவில்லை என்றார். இந்த நேர்மைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன் என்பதை நினைத்து அன்றைக்கு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

தன் தவறைத் தானே ஆராய்ந்து எழுதித் தரச் சொன்னார்கள். தந்தார். ஆழம் போதாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி தோண்டினார். மறுபடி திருப்பினார்கள். கடைசியில், சின்ன வயதில் வீட்டில் வளர்த்த நாயின்மேல் தனக்கு அளவு கடந்த பாசம் இருந்ததாகவும், உழைப்பின்மேல் இருந்த ரகசிய வெறுப்பு அந்த நாயின் வடிவத்தில் தூரிகை வழியே வெளிவந்துவிட்டதாகவும் எழுதினார். ஆழம் போதும் என்றார்கள். அவர்கள் வீட்டில் நாயே கிடையாது, ஒரு வாத்து இருந்தது.

களிமண் வெட்டும் மலைக்கு அனுப்பினார்கள். எங்கள் குழம்புக்கு வேண்டிய களிமண் அங்கேயிருந்துதான் வரும். மகளிர் குழுத் தலைவி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சூரியகாந்தி விதை கொடுத்து, "நிங் தங்கச்சி, அவரோட இனி ஒட்டு உறவே இல்லைன்னு கோடு போட்டுப் பிரிஞ்சுக்கோ, உனக்கு வேற மாப்பிள்ளையா கிடைக்காது?" என்றாள். விதையைத் தின்றுவிட்டு, நான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வருஷம் காத்திருந்தேன். அவர் திரும்பி வந்தபோது இருமல் இருந்தது, தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதெல்லாம் போகட்டும். போன மனுஷனுக்கு நினைவில்லை. வந்த மனுஷன், நான்தான் வைத்திருப்பேன் என்றான். எழுதி எழுதி அவரே பாதி நம்பிவிட்டிருந்தார். மலையை மன்னித்துவிட்டேன், இதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. புது வருஷத்துக்கு அண்டை வீட்டுக்காரர்கள் சிவப்புத் தாளைக் கொண்டுவந்து, கதவுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று நிற்பார்கள். கண் தெரியவில்லை என்பார். கண் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கடைத்தெருவில் 'பெரும் தள்ளுபடி' என்று தொங்கினால், நின்று அந்த முதல் எழுத்தின் வலது தோளைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இந்த நாட்டில் எல்லாமே பெரியது, பெரிய தெரு, பெரிய ஹோட்டல், பெரிய ஆஸ்பத்திரி. அவரோடு காய்கறி வாங்கப் போனால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

திறப்பு விழாவன்று சட்டையை இரண்டு தடவை மாற்றினார். படத்தில் அந்தப் புள்ளி வழிந்திருந்தால் குழம்பு, வழியாமல் நின்றிருந்தால் பெயிண்ட், குழம்பு நீர்க்க இருக்கும், வால் விடும் என்று எனக்கே பாடம் நடத்தினார். பேசின்களில் புள்ளி பார்த்து ஓய்வு பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அது குழம்பாக இருந்துவிடட்டும் என்று எந்தச் சாமியை வேண்டுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் வேண்டினேன்.

ஃபூவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறை நெருங்கிவிட்டார், மார்பில் பட்டுப் பூ. அப்போதைய தலைவர் ஃபூ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பக்கத்திலிருந்த பத்திரிகைக்காரப் பையன் துணைத் தலைவர் என்று குறித்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

உள்ளே ஒரே இரைச்சல். அது என் முதுகு, அது என் தொப்பி என்று ஆளாளுக்குப் படத்தில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யான் ஒரு படத்தின் முன் நின்று, முட்டை சாப்பிட்ட களை முகத்தில் தெரிகிறதா என்று எல்லோரையும் கேட்டார். கோடிச் சுவரில், கதவு அளவுக்குப் பெரிதாக்கி, எங்கள் முக்குகிற பட்டறை.

பாங் அக்கா செத்து ஆறேழு வருஷம் ஆகிறது. அங்கே உயிரோடு இருந்தாள். முகம் பாதிதான், கை முழுசாக. நரம்பு புடைத்த மணிக்கட்டு, சாய்ந்த பேசின், அதிலிருந்து கிளம்பிக் காற்றில் நிற்கும் வெள்ளைத் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக. தாடிக்காரன் கெட்டிக்காரன்தான். கெங் அந்தத் துளிகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

படத்தின் மேல்விளிம்பில் பலகையின் அடிப்பாகம் மட்டும் இருந்தது. அதில் எழுத்துகளின் கால்கள் மட்டும். முதல் எழுத்துக்கு விரிந்த இரண்டு கால்கள் இருந்தன. அதற்கு மேலே படத்தின் மரச்சட்டம்தான்.

பெரியதற்கும் நாய்க்கும் கால்கள் ஒன்றுதான்.

கெங் அங்கே நின்ற மன்றத்துப் பெண்ணிடம், இதோட மேல் பக்கத்தை வெட்டிவிட்டீர்களா என்று கேட்டார். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். "இல்லைங்க ஐயா, முழுப் படமும் இவ்வளவுதான். நெகட்டிவ்லயும் மேல ஒண்ணும் இல்ல. அந்தப் பட்டறையில இது ஒண்ணுதான் எடுத்திருக்காரு."

அவனுக்கு வேண்டியிருந்தது பாங் அக்காவின் கை. எங்கள் எழுத்தை அவன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை, அவன் கேமராவும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு இங்கே கூட்டம், பரிசோதனை, மலை, இருமல். எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில் டீத்தூள் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஃபூவைப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உற்றுப் பார்த்தவர் முகத்தில் நிம்மதி பரவியது. "பாத்தீங்களா, ஒண்ணுமே விழலை. அன்னைக்கு நாம உடனே நடவடிக்கை எடுத்ததாலதான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். படம் எடுத்த பிறகுதானே ஐயா பலகையை எரித்தீர்கள் என்று நான் கேட்டேன். அவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.

வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பு விரிப்பு போட்ட மேசையில் மையும் தூரிகையும் பெரிய தாளும் வைத்திருந்தார்கள், பெரியவர்கள் இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போவதற்காக. ஃபூ 'பொற்காலம்' என்று எழுதினார். கை தட்டினார்கள். அந்தப் பெண் அடுத்த தாளை விரித்து, தூரிகையைக் கெங்கிடம் நீட்டினாள். அவருக்குக் கண் தெரியாதும்மா என்று வழக்கம்போல் நான் முந்திக்கொண்டேன்.

அவர் வாங்கிக்கொண்டார்.

மையைத் தோய்த்து, மைக்கல்லின் விளிம்பில் வழித்து, தாளின்மேல் குனிந்தார். குறுக்கே ஒரு கோடு. நடுவிலிருந்து இறங்கி இரண்டு கால்கள். அடுத்து 'உழைப்பு', அடுத்து 'நூறு நாள்'. நாற்பது வருஷம் தொடாத கையா இது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். முடிந்தது என்று நினைத்து அந்தப் பெண் தாளை எடுக்க வந்தாள். இரு என்று இடது கையால் தடுத்தார். தூரிகையை மறுபடி மையில் தோய்த்து, முதல் எழுத்துக்குத் திரும்பி வந்து, அதன் வலது தோளுக்கு மேலே நிதானமாக அழுத்தி, ஒரு புள்ளி வைத்தார்.

பெண் குனிந்து பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, மை சொட்டிடுச்சு போல. வேற தாள் தரட்டுமா?" என்றாள்.

"சொட்டலம்மா" என்றார் கெங். "இதை நான்தான் வச்சேன்."